எழுதி வைக்காத ஒப்பந்தம்: லென்ஸ் கணக்கிட்ட பெட்ஸ்வாலின் வாழ்க்கை





திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று மக்தப் பிள்ளைகளிடம் கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார்கள்: அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். அது எதைப் பற்றியது என்று கேட்டால்தான் பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். அது தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதும் அல்ல. தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் அதை எழுதிக்கொள்வதைப் பற்றியது. யார் எழுதுவது, யார் வாசகம் சொல்வது, சாட்சிக்கு எத்தனை பேர், தொகை சிறியதென்று அலுத்துக்கொள்ளக் கூடாது, அந்த இடத்திலேயே கைக்குக் கை முடிகிற வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்பது வரை அதில் வந்துவிடுகிறது.

இந்த வசனத்தின் தப்ஸீரை இதே மிம்பரிலிருந்து பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று தப்ஸீர் சொல்லப் போவதில்லை. ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். அவர் முஸ்லிம் அல்ல. 130 வருடங்களுக்கு முன் வியன்னா நகரத்தில் இறந்துபோன ஒரு கணிதப் பேராசிரியர். பெயர் ஜோசப் பெட்ஸ்வால். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனின் கேமராவுக்கு முன்னோர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் சில பெயர்களுக்குள் வருகிறவர். ஆனால் நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம்? அவர் வாழ்ந்த ஊரிலேயே கடைசிக் காலத்தில் அவரை மறந்துவிட்டார்கள்.

போட்டோ எடுப்பது கூடுமா கூடாதா என்ற கேள்வியோடு சிலர் இப்போதே நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. அது வேறு மஸ்அலா, வேறு ஒரு வாரம் பேசலாம். இன்றைய பேச்சு லென்ஸைப் பற்றியது, அதை வைத்துச் செய்த வியாபாரத்தைப் பற்றியது.

இன்னொன்றையும் முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். கேமரா என்ற வார்த்தை அரபியிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. அது சரியல்ல. அது லத்தீன் வார்த்தை, அறை என்று பொருள். நமக்குப் பெருமை சேர்க்கிறது என்பதற்காகத் தவறான செய்தியைப் பரப்ப வேண்டியதில்லை. உண்மையான பெருமையே போதுமான அளவு இருக்கிறது. பக்தாதில் இப்னு ஸஹ்ல், கி.பி. 984 வாக்கில், ஒளி கண்ணாடிக்குள் எப்படி வளைகிறது என்பதன் விதியை வடிவக் கணக்காக வரைந்து வைத்தார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், கிதாபுல் மனாழிர் என்ற ஏழு பாகப் பெருநூலில் பார்வையையும் ஒளியையும் ஆராய்ந்தார். ஏழாவது பாகம் முழுவதும் ஒளி வளைவதைப் பற்றியது. அந்த நூல் லத்தீனுக்குப் போய் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான வருடங்கள் பாடமாக இருந்தது. இப்னு ஸஹ்லின் ஏடுகளோ சிதறிப்போய், 1990 வாக்கில்தான் மீண்டும் ஒன்று சேர்த்துப் படிக்கப்பட்டன. அந்த விதிக்கு இன்று உலகம் வைத்திருப்பது வேறொருவருடைய பெயரை. ஒருவர் எழுதியது கைமாறிப் பரவியது, இன்னொருவர் எழுதியது தொலைந்து போனது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பெட்ஸ்வாலுக்கு வருவோம்.

1807 ஜனவரி 6-ஆம் தேதி, அன்றைய ஹங்கேரி ராஜ்ஜியத்தில் செபெஷ்பேலா என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அந்த ஊர் ஸ்லோவாக்கியா நாட்டில் இருக்கிறது. தகப்பனார் பள்ளி ஆசிரியர். வசதியான குடும்பம் அல்ல. பெஸ்ட் நகரத்துக்கு வந்து பொறியியல் படித்து 1828-இல் பட்டம் வாங்கினார். நகராட்சியில் பொறியாளர் வேலை. டான்யூப் நதிக்கரை ஊர் அது. வெள்ளம், கரை, வடிகால் என்று அலைகிற உத்தியோகம். பகலில் அந்த வேலை, மீதி நேரத்தில் கணிதம். 1837-இல் வியன்னா பல்கலைக்கழகம் அவரை உயர் கணிதப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அடுத்த 40 வருடம் அங்கேதான் பாடம் நடத்தினார்.

1839 ஆகஸ்டில் பாரிஸில் டாகேர் என்பவருடைய படம் பிடிக்கும் முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில், ஓவியன் இல்லாமல், ஒளியே படம் வரைகிறது. அந்தச் சமயத்தில் பாரிஸில் இருந்த எட்டிங்ஸ்ஹவுசன் என்ற வியன்னாப் பேராசிரியர் ஊர் திரும்பி பெட்ஸ்வாலிடம் விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் தகட்டைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் வியந்து கொண்டிருந்தார்கள். எட்டிங்ஸ்ஹவுசனுக்கு ஒரு குறை கண்ணில் பட்டிருந்தது. லென்ஸ் இருட்டாக இருக்கிறது.

அன்றைய கேமராவில் இருந்தது ஷெவாலியே என்ற பாரிஸ் கடைக்காரரின் லென்ஸ். அதற்கு முன்னால் சின்னத் துளை வைத்து மூடினால்தான் படம் தெளிவாக விழும். துளை சின்னது என்றால் உள்ளே போகும் ஒளியும் கொஞ்சம். மழையில் குறுகிய வாய்க் குடத்தை வைத்தால் நிறைய நேரமாகும், அகன்ற வாய் அண்டாவை வைத்தால் சீக்கிரம் நிறையும் அல்லவா, அந்தக் கணக்குதான். நல்ல வெயிலில்கூட பல நிமிடங்கள், சில நேரம் கால் மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். கட்டடம் காத்திருக்கும். மனிதன் அவ்வளவு நேரம் கண் இமைக்காமல் இருப்பானா? ஆகவே படம் பிடிக்கும் கருவி வந்துவிட்டது, மனிதனுடைய முகத்தைப் பிடிக்க அதனால் முடியவில்லை.

துளையைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கி விளையாடாதவர் யாருமில்லை. அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது சுத்தமான புள்ளியாக இருக்காது. கண்ணாடியின் ஓரத்தில் புகுந்த ஒளி ஓரிடத்தில் சேரும், நடுவில் புகுந்த ஒளி இன்னோரிடத்தில் சேரும். நீலம் ஓரிடம், சிவப்பு ஓரிடம். சாய்வாக வரும் ஒளி வால் நட்சத்திரம் போல இழுபடும். போதாக்குறைக்கு, படம் தட்டையான தகட்டில் விழாமல் கிண்ணத்தின் உட்புறம் போல வளைந்து விழும். நடுவைத் தெளிவாக்கினால் ஓரம் மங்கும், ஓரத்தைத் தெளிவாக்கினால் நடு மங்கும். துளையைப் பெரிதாக்க ஆக்க இந்தக் குறைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்.

அது வரை லென்ஸ் செய்கிறவர்கள் பெரும்பாலும் கைப்பழக்கத்தில்தான் செய்தார்கள். தேய்ப்பார்கள், பார்ப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். பெட்ஸ்வால் கண்ணாடியைத் தொடாமல் காகிதத்தில் தொடங்கினார். எத்தனை கண்ணாடி, எந்த வளைவு, நடுவில் எவ்வளவு இடைவெளி, ஒரு கண்ணாடி செய்த குறையை அடுத்தது எப்படிச் சரிக்கட்டும் என்று முழுவதையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிட்டு அதன் பிறகு பட்டறைக்குப் போவது. இன்று எல்லா லென்ஸ்களும் அப்படித்தான் பிறக்கின்றன. கம்ப்யூட்டர் ஒரு நொடியில் போட்டுவிடும். அன்று ஒவ்வொரு ஒளிக்கதிரையும் மடக்கை அட்டவணையை வைத்துக் கையால் பின்தொடர வேண்டும்.

அதற்கு ஆள் எங்கே? ராணுவத்தில். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போடுகிறவர்கள் பீரங்கிப் படையில் இருப்பார்கள். ஆஸ்திரிய அரச குடும்பத்து லுட்விக் அந்தப் படைக்குப் பொறுப்பாக இருந்தார். கணக்கில் தேறிய சில வீரர்களை பெட்ஸ்வாலுக்கு ஒப்படைத்தார். மாதக்கணக்கில் அவர்கள் உட்கார்ந்து போட்டது குண்டின் கணக்கல்ல, வெளிச்சத்தின் கணக்கு. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

1840-இல் வேலை முடிந்தது. நான்கு கண்ணாடிகள். முன்னால் இரண்டு, ஒட்டி வைத்தவை. பின்னால் இரண்டு, நடுவில் காற்று இடைவெளி விட்டு. ஷெவாலியே லென்ஸைவிட ஏறத்தாழ 15 முதல் 20 மடங்கு ஒளியை உள்ளே விட்டது. பழைய தகட்டிலேயே, வெளிச்சம் நன்றாக இருந்தால் ஒரு நிமிடத்தை ஒட்டி முகம் பதிந்துவிடும். மருந்தையும் மற்றவர்கள் மேம்படுத்தியபோது வினாடிகளுக்கு வந்தது. உருவப்படம் எடுக்கும் ஸ்டூடியோ என்ற தொழிலே இந்த லென்ஸின் மேல்தான் நின்றது. இறந்துபோன மகனின் முகத்தை ஒரு தாய் மறுபடி பார்க்க முடிந்தது என்றால், அதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஜமாஅத்தார்களே! இதுவரை அறிவு. இனிமேல்தான் முஆமலாத்.

லென்ஸை உண்மையில் செய்து கொடுத்தவர் பீட்டர் ஃபோக்ட்லெண்டர். 1756-லிருந்து வியன்னாவில் கருவிகள் செய்துவந்த குடும்பத்தின் பேரன். திறமைசாலி. பெட்ஸ்வாலின் எண்கள் காகிதத்தில் மட்டும் இருந்திருந்தால் உலகத்துக்கு ஒரு பயனும் இல்லை. அவற்றைத் துல்லியமாகக் கண்ணாடியில் கொண்டுவந்தது அவருடைய பட்டறை. 1841-இல் முழுக்கப் பித்தளையால் ஆன கேமராவோடு அதைச் சந்தைக்கு விட்டார். படம் சதுரமாக இல்லாமல் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் வட்டமாக விழும். ஓரத்தில் லென்ஸ் மங்கும் என்று தெரிந்து, ஓரத்தை வட்டமாக வெட்டிவிட்டார்கள். அதுவும் ஒரு சாமர்த்தியம்தான்.

பெட்ஸ்வாலுக்குக் கிடைத்தது 2000 குல்டன். ஒரே தடவை. அதோடு சரி.

லென்ஸ் ஆயிரக்கணக்கில் விற்றது. பிரான்ஸில், இங்கிலாந்தில், அமெரிக்காவில் மற்றக் கடைக்காரர்களும் பார்த்துப் பார்த்து அதையே செய்தார்கள். ஃபோக்ட்லெண்டர் பெரிய முதலாளியானார், 1849-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் தொழிற்சாலை திறந்தார், பின்னாளில் அரசப் பட்டமும் வாங்கினார். பேராசிரியர் தமக்குச் சேர வேண்டியது வரவில்லை என்று நினைத்தார். 1845-இல் இருவரும் பிரிந்தார்கள். வழக்கு என்று போனால் கையில் என்ன இருக்கிறது? இருவருக்கும் நடுவில் சட்டப்படி செல்லும் ஒப்பந்தம் ஒன்றும் இருக்கவில்லை.

2000 குல்டன் என்பது எதற்கு? கணக்கிட்டுக் கொடுத்த உழைப்புக்கான கூலியா, வடிவத்தையே விற்ற விலையா, வரப்போகிற லாபத்தில் முன்பணமா? நம் பிக்ஹில் இவை மூன்றும் மூன்று பாபுகள். கூலி என்றால் இஜாரா, விற்பனை என்றால் பைஉ, லாபத்தில் பங்கு என்றால் ஷிர்கத். ஒவ்வொன்றுக்கும் ஹுக்மு வேறு. கூலி எவ்வளவு என்று தெரியாமல் வேலைக்கு அமர்த்தினால் அந்த ஒப்பந்தமே பழுதானது, அதே போன்ற வேலைக்கு ஊரில் என்ன கூலியோ அதைக் கொடுக்க வேண்டும் என்று நம் மத்ஹபு கிதாபுகளில் ஓதுகிறோம். ஆனால் பெட்ஸ்வாலுக்கு இதையும் பொருத்த முடியாது. அதே போன்ற வேலை என்று அன்று உலகத்தில் வேறு எதுவும் இருக்கவில்லையே!

ஃபோக்ட்லெண்டரை மோசக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் பணம் கொடுத்தார். கொடுத்ததோடு முடிந்தது என்று அவர் நிஜமாகவே நம்பியிருக்கலாம். முடியவில்லை என்று இவரும் நிஜமாகவே நம்பியிருக்கலாம். எழுதச் சொல்கிற வசனம் மோசக்காரர்களைப் பார்த்துப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈமான் கொண்டவர்களை அழைத்துப் பேசுகிறது. மறதி காரணமாகச் சொல்லப்படுகிறது, ஒரு சாட்சி மறந்தால் மற்றொருவர் நினைவூட்ட வேண்டும் என்று. நல்லவர்கள் இருவர் பேசிக்கொண்டதைப் பத்து வருடம் கழித்து இருவரும் இரண்டு விதமாக நினைவில் வைத்திருப்பார்கள். எழுதுவது வாஜிபா முஸ்தஹப்பா என்று இமாம்கள் பேசியிருக்கிறார்கள், பெரும்பாலோர் வாஜிப் இல்லை என்றே சொல்கிறார்கள். அந்தச் சலுகையை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? மச்சானிடம் போய்க் காகிதம் நீட்டினால் தப்பாக நினைப்பாரே என்கிறோம். நம்பிக்கை இருக்கிறது, எழுத்து எதற்கு என்கிறோம். சவூதியில் இருக்கும் தம்பி அனுப்பிய பணத்தில் அண்ணன் ஊரில் கடை வைப்பார். அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று யாருக்கும் தெரியாது. கடை நஷ்டமானால் அன்பளிப்பு, லாபம் வந்தால் பங்கு! வாப்பா மவுத்தான பிறகு வாரிசுகள் ஜமாஅத்துக்கு வருவார்கள். நானும் முத்தவல்லியும் என்ன செய்ய முடியும்? சத்தியம் வாங்கலாம். இரண்டு பேரும் சத்தியம் செய்யத் தயாராக இருப்பார்கள், இரண்டு பேரும் உண்மை என்று நம்பியே.

சரி, பெட்ஸ்வாலின் கதை இதோடு முடியவில்லை. 1840-இலேயே இன்னொரு லென்ஸையும் அவர் வடிவமைத்திருந்தார். முதலாவது முகத்துக்கு, இது நிலக்காட்சிக்கு. அகலமான காட்சியை ஓரம் வரை தெளிவாகக் காட்டுவது இதன் நோக்கம், வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. லென்ஸ் கலையில் எதையும் இலவசமாக வாங்க முடியாது. ஒளி வேண்டுமென்றால் அகலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அகலம் வேண்டுமென்றால் ஒளியை. எல்லாம் செய்கிற ஒரே லென்ஸ் என்று ஒன்று கிடையாது என்பதை அன்றே தெரிந்துகொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் தனி லென்ஸ் என்று யோசித்த மனிதர். 1850-களில் டிட்ஸ்லர் என்ற வேறொரு தொழிலாளியோடு சேர்ந்து இதை வெளியே கொண்டுவந்தார். ஆனால் ஆரம்ப காலத்தில் இதன் விவரங்களும் ஃபோக்ட்லெண்டர் கைக்குப் போயிருந்தன. அவரும் ஆர்த்தோஸ்கோப் என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார். மறுபடியும் அதே சண்டை. டிட்ஸ்லரால் போட்டியில் நிற்க முடியவில்லை. 1862-இல் கடையை இழந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அநீதி இழைக்கப்பட்டவர் என்பதால் ஒருவர் மற்ற எல்லா விஷயத்திலும் சரியாக இருப்பார் என்று அர்த்தமில்லை. 1852-இல் வியன்னா அறிவியல் கழகத்தில் பெட்ஸ்வால் டாப்ளரைத் தாக்கினார். ஆம், அதே டாப்ளர். ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது ஒலி உயர்ந்தும் தாண்டிப் போகும்போது தாழ்ந்தும் கேட்கிறதே, அதற்கு 1842-இலேயே விளக்கம் சொன்னவர். 1845-இல் ஹாலந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதச் செய்து சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அப்படியிருந்தும், இவ்வளவு எளிய ஒரு சூத்திரத்தில் பெரிய உண்மை இருக்க முடியாது என்பது பெட்ஸ்வாலின் வாதம். வருடக்கணக்கில் கணக்குப் போட்டுப் பழகியவருக்குச் சில வரிகளில் முடிந்துவிட்ட கணக்கு அற்பமாகத் தெரிந்தது போலும். டாப்ளருக்காக வாதாடியவர் யார் தெரியுமா? பெட்ஸ்வாலிடம் லென்ஸைப் பற்றி முதலில் சொன்ன அதே எட்டிங்ஸ்ஹவுசன். டாப்ளர் அப்போதே நுரையீரல் நோயாளி. அந்த வருடக் கடைசியில் உடம்புக்காக வெனிஸ் போனார், 1853 மார்ச்சில் 49 வயதில் அங்கேயே இறந்தார். நோய்தான் காரணம், பெட்ஸ்வாலின் பேச்சு அல்ல. ஆனாலும் ஓர் அறிஞனின் கடைசி வருடத்தை அவர் கசப்பாக்கினார். அறிவியலும் பின்னாளில் டாப்ளர் பக்கம்தான் நின்றது.

இனி காலென்பெர்க் மலைக்குப் போவோம். வியன்னாவின் ஓரத்தில் இருக்கும் குன்று அது. அங்கே கைவிடப்பட்ட ஒரு பழைய மடாலயத்தில் பெட்ஸ்வால் குடியிருந்தார். கறுப்பு அரபுக் குதிரையில் ஏறி வகுப்பெடுக்க நகரத்துக்குள் வருவார் என்று சொல்வார்கள். வாள்வீச்சில் கெட்டிக்காரர். பிடிவாதக்காரர். உறவென்று பெரிதாக யாருமில்லை.

அந்த வீட்டில்தான் அவருடைய உண்மையான சொத்து இருந்தது. பணமல்ல, காகிதம். 1843-இல் பெஸ்ட் நகரத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார், தம் ஆராய்ச்சியின் முடிவுகளை மட்டும் சொல்லி. எப்படி அந்த முடிவுகளுக்கு வந்தார் என்ற விளக்கம் பெரிய நூலாகப் பிறகு வரும் என்று இருந்தது. வருடங்கள் போயின. எழுதினார், திருத்தினார், அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1859-இல் வீட்டுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். கையெழுத்துப் பிரதிகள் அழிந்தன. அவற்றை அவரால் மீண்டும் உருவாக்க முடியவில்லை. சில வருடங்களில் ஒளியியலையே விட்டுவிட்டு ஒலியின் பக்கம், தந்தி அதிர்வதன் பக்கம் போய்விட்டார்.

இதற்கு நடுவில் மியூனிக்கில் லுட்விக் ஸைடல் என்பவர், லென்ஸின் குறைகள் ஐந்து என்று வகைப்படுத்தி அவற்றின் கணக்கை 1856-இல் முறையாக வெளியிட்டிருந்தார். இன்று எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் ஸைடலின் ஐந்து பிழைகள் என்றுதான் இருக்கும். பெட்ஸ்வாலுக்கு இது எவ்வளவு தூரம் முன்பே தெரிந்திருந்தது? அவர் செய்த லென்ஸைப் பார்த்தால் நிறையத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். காட்டுவதற்குத் தாள் இல்லை.

ஒன்று மட்டும் அவர் பெயரில் நின்றது. படம் கிண்ணம் போல வளைந்து விழுகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த வளைவின் அளவை ஒரே ஒரு கூட்டல் கணக்கில் சொல்லிவிடலாம் என்று அந்தச் சிறு நூலில் அச்சிட்டிருந்தார். ஒவ்வொரு லென்ஸின் வலிமையையும் அதன் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுவது. கண்ணாடியின் வடிவத்தை எப்படி மாற்றினாலும், இடைவெளியை மாற்றினாலும் இந்தக் கூட்டுத்தொகைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் படம் தட்டையாகும். பெட்ஸ்வால் கூட்டுத்தொகை என்று இன்றும் லென்ஸ் வடிவமைப்பாளர்கள் தினமும் சொல்கிறார்கள். அதன்படி செய்ய வேண்டுமென்றால் வேறு ரகக் கண்ணாடி வேண்டும், அவர் காலத்தில் அது கிடையாது. 1880-களில் ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஓட்டோ ஷாட் புதிய கண்ணாடிகளை உருக்கினார். அவற்றை வைத்து 1890-இல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப், நடுவும் ஓரமும் ஒன்றாகத் தெளியும் லென்ஸைச் செய்தார். பெட்ஸ்வால் அப்போது உயிரோடு இருந்தார். 83 வயது.

அவருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 60 வயதைத் தாண்டி, 1869-இல், தம் வீட்டைக் கவனித்துக்கொண்ட பெண்ணைத் திருமணம் செய்தார். நாலு வருடத்தில் அந்த அம்மையார் இறந்துவிட்டார். 1877-இல் ஓய்வு பெற்றார். அதன்பின் யாரோடும் அதிகம் ஒட்டாமல், 1891 செப்டம்பர் 17-ஆம் தேதி வியன்னாவில் இறந்தார். உலகம் முழுவதும் ஸ்டூடியோக்களில் அவருடைய லென்ஸுக்கு முன்னால் மக்கள் அசையாமல் உட்கார்ந்திருந்த காலம் அது.

அந்த லென்ஸ் அவரோடு சாகவில்லை. திரையில் படம் காட்டும் புரொஜெக்டர்களுக்கு ஒளி நிறைய வேண்டும், அகலம் அதிகம் வேண்டாம். அதற்கு இதே அமைப்புதான் நெடுங்காலம் கை கொடுத்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெட்ஸ்வால் லென்ஸில் ஓர் ஆளைப் படமெடுத்தால் நடுவில் முகம் கூர்மையாக இருக்கும், பின்னால் இருக்கும் மரமும் இலையும் சுழல் போலச் சுற்றித் தெரியும். ஓரத்தில் சரிக்கட்ட முடியாமல் போன குறைகள்தான் அந்தச் சுழல். அவர் அதை வெறுத்திருப்பார். 2013-இல் லோமோகிராஃபி என்ற நிறுவனம் ரஷ்யாவின் ஸெனித் ஆலையோடு சேர்ந்து அதே அமைப்பில் பித்தளை லென்ஸ் செய்யப்போவதாக அறிவித்து மக்களிடம் முன்பணம் கேட்டது. பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. வாங்கியவர்கள் கேட்டது அந்தச் சுழலைத்தான். இன்றைக்குக் கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும் நம் வாலிபர்கள் பெட்ஸ்வால் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருந்தால், இதன் மூலமாகத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள்.

செபெஷ்பேலாவில் அவர் பிறந்த வீடு இப்போது கேமராக்களின் அருங்காட்சியகம். சந்திரனின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பூமியில் இருந்து அதைப் பார்க்க முடியாது.

ஒரு அறிவிப்பு. இன்று ஜும்ஆ முடிந்ததும் மக்தப் அறையில் நானும் நம் ஜமாஅத் வக்கீல் ஒருவரும் உட்கார்ந்திருப்போம். கடனோ, கூட்டு வியாபாரமோ, அண்ணன் தம்பிக்குள் பேச்சளவில் இருக்கும் கணக்கோ உள்ளவர்கள், மறுதரப்பையும் கையோடு அழைத்துக்கொண்டு வாருங்கள். காகிதமும் பேனாவும் வைத்திருக்கிறோம். சாட்சிக்கு இரண்டு பேரை நீங்களே கூட்டி வர வேண்டும். அஸர் பாங்கு வரை இருப்போம்.